பதக்கமும் பென்சனும்

1998 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆம் திகதி செனகல் நாட்டில் தியோவோர் என்ற கிராமத்தில் அப்துலாய் என்டியாய் என்ற கிழவர் இறந்துபோனார். வயது 104. முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சுக்காகப் போரிட்ட கறுப்பின ஆபிரிக்கச் சிப்பாய்களில் உயிரோடு எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர்தான். மறுநாள் நவம்பர் 11, யுத்தம் முடிந்த 80 ஆவது ஆண்டு நாள். அன்றைக்குப் பிரெஞ்சுத் தூதுவர் அவருடைய நெஞ்சில் 'லெஜியோன் தொனேர்' பதக்கத்தைக் குத்துவதாக ஏற்பாடு. 80 வருடங்கள் பொறுத்திருந்த மனிதர் இன்னும் 24 மணித்தியாலம் பொறுத்திருக்கக் கூடாதா என்று தூதரகத்தில் யாராவது அலுத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

பிரான்சுக்கு அகதியாக வந்து இறங்கும் எவருக்கும் சீக்கிரமே கண்ணில் படுகிற கல் ஒன்றுண்டு. எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும் நகரசபைக்கு முன்னாலோ தேவாலயத்துக்குப் பக்கத்திலோ ஒரு தூண் நிற்கும். 1914 - 1918 என்று வெட்டியிருப்பார்கள். கீழே அந்த ஊரில் செத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நாற்பது வீடுகள் உள்ள ஊரில் இருபது பெயர்கள் இருக்கும். ஒரே குடும்பப் பெயரில் மூன்று பேர், நான்கு பேர். நவம்பர் 11 அன்று மேயர் பூ வளையம் வைப்பார், பள்ளிப் பிள்ளைகள் பெயர்களை வாசிப்பார்கள். யுத்தத்துக்குப் போனவர்களை மதிக்கத் தெரிந்த நாடு இது என்று முதலில் எனக்குப் பெரிய மரியாதையாகத்தான் இருந்தது. கல்லில் பெயர் இல்லாதவர்களைப் பற்றிப் பிறகுதான் வாசித்தேன்.

அவர்களுக்கு 'திரயேர் செனகலே' என்று பெயர். 'செனகல் துவக்குக்காரர்' என்று சொல்லலாம். 1857 இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி, செனகலின் ஆளுநராக இருந்த பெதேர்ப் உருவாக்கிய படை. பெயர்தான் செனகல். ஆட்கள் மாலி, கினி, ஐவரி கோஸ்ட், புர்க்கினா பாசோ, பெனின், நைஜர், சாட் என்று எல்லா இடத்திலிருந்தும் பிடிக்கப்பட்டவர்கள். ஆபிரிக்காவில் புதிய இடங்களைப் பிடிப்பதற்கு அங்கேயே சிப்பாய்களைத் திரட்டினார்கள். வெள்ளைக்காரன் உலகத்தைப் பிடித்த வழி எங்கேயும் இதுதான். 1910 இல் மொன்ஜன் என்ற அதிகாரி 'கறுப்புப் படை' என்று ஒரு புத்தகமே எழுதினார். பிரான்சில் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டது, ஜெர்மனிக்காரனோடு மோத ஆபிரிக்காவில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம்.

1914 இல் மோதல் வந்தது. யுத்தம் முடிவதற்குள் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 2 இலட்சம் பேரைத் திரட்டினார்கள். ஐரோப்பாவுக்கு வந்து போரிட்டவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 35 ஆயிரம் பேர். செத்தவர்கள் 30 ஆயிரம் பேரளவில். எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. ஊருக்கு இத்தனை தலை என்று கிராமத் தலைவர்களுக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டது. தலைவர்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஏழை பாழைகளின் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். (இந்தக் கதையை எங்கேயோ கேட்டதுபோல உங்களுக்கும் இருக்கும்.) பிள்ளைபிடிக்கு எதிராக 1915 இன் கடைசியில் இன்றைய புர்க்கினா பாசோவிலும் மாலியிலும் பெரிய கிளர்ச்சி எழுந்தது. ஊர் ஊராகக் கொளுத்தித்தான் பிரெஞ்சுப் படை அதை அடக்கியது.

1918 இல் மறுபடியும் ஆள் தேவைப்பட்டபோது கிளெமென்சோ ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். ஆள் திரட்ட ஒரு கறுப்பரையே அனுப்பினார். அவர்தான் பிளேஸ் தியாஞ். 1914 இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பு ஆபிரிக்கர். இரத்தம் கொடுத்தால் உரிமை கிடைக்கும் என்று நம்பிய மனிதர். பதக்கம் வாங்கினால் குடியுரிமை, திரும்பி வந்தால் அரசாங்க வேலை, வரி விலக்கு என்ற வாக்குறுதிகளோடு போய் 60 ஆயிரம் பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு வந்தார். அவரைத் துரோகி என்பவர்களும் உண்டு, தலைவர் என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அவர் ஏமாற்றவில்லை, ஏமாந்தார்.

கறுப்பர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால் மாரி காலத்தில் அவர்களைப் போர்முனையிலிருந்து எடுத்துத் தெற்கே பிரெஜுஸ் பக்கம் முகாம்களில் விடுவார்கள். வசந்தத்தில் திரும்பக் கொண்டுபோய்ப் பதுங்குகுழிக்குள் போடுவார்கள். பிரெஜுசில் இன்றைக்கும் ஒரு விசித்திரமான கட்டடம் நிற்கிறது. மாலியின் ஜென்னே மசூதியைப் பார்த்து 1930 இல் சீமெந்தில் கட்டிச் செம்மண் நிறம் பூசியது. திரயேர்கள் ஊர் நினைவில் ஏங்கிப்போகாமல் இருக்கக் கட்டிக் கொடுத்தார்களாம். ஊருக்கு அனுப்புவதைவிட ஊரைப்போல ஒன்றைக் கட்டிக் கொடுப்பது மலிவு. அதே காலத்தில் பாரிஸ் சுவர்களில் 'பனானியா' கொக்கோ மாவின் விளம்பரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட திரயேர் ஒருவன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு 1915 இல் தொடங்கியது. பல தலைமுறைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் அதைப் பார்த்தபடிதான் காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

நினைவுச்சின்னமே வைக்கவில்லையா என்று கேட்டால், வைத்தார்கள். 1924 இல் ரென்ஸ் நகரத்தில் 'கறுப்புப் படையின் வீரர்களுக்கு' என்று ஒரு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். அதே மாதிரி ஒன்று பமாக்கோவிலும். 1940 இல் ஜெர்மன்காரர்கள் ரென்சுக்குள் வந்ததும் அந்தச் சிலையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதைப் போன்ற ஒன்று அதே நகரத்தில் மறுபடியும் திறந்து வைக்கப்பட்டது 2018 நவம்பரில், மக்ரோனால். கணக்குப் பார்த்தால் 78 வருடங்கள்.

நாசிகள் சிலையோடு மட்டும் நிறுத்தவில்லை. 1940 ஜூன் 19, 20 ஆம் திகதிகளில் லியோனுக்குப் பக்கத்தில் சஸ்லே என்ற ஊரில் சரணடைந்த சிப்பாய்களை ஒரு பக்கம் வெள்ளையர், ஒரு பக்கம் கறுப்பர் என்று பிரித்தார்கள். வெள்ளையர்கள் போர்க்கைதிகளானார்கள். கறுப்பர்களை வயல்வெளிக்குள் ஓடச்சொல்லிச் சுட்டார்கள். அங்கே மண்ணிறச் சுவர் எழுப்பி, ஆபிரிக்கப் பாணியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைக் கட்டியது அரசாங்கமல்ல. ஜோன் மர்சியானி என்ற மனிதர், பழைய படையினர் விவகார அலுவலகத்தில் வேலை செய்தவர், வயல்களில் கிடந்த உடல்களைத் தேடிச் சேர்த்து, யுத்த காலத்திலேயே கட்டி 1942 இல் திறந்தார். பிரான்சில் நான் தலைகுனிகிற இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிடிபட்டு உயிர் தப்பிய கறுப்புச் சிப்பாய்களை ஜெர்மன்காரர்கள் தங்கள் மண்ணில் வைக்க விரும்பவில்லை. பிரான்சிலேயே முகாம்களில் அடைத்தார்கள். இவர்களில் ஒருவர் பின்னாளில் செனகலின் முதல் ஜனாதிபதியான கவிஞர் செங்கோர். முகாம்களிலிருந்து இவர்கள் 1944 இல் வெளியே வந்தபோதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்த சம்பவம் நடந்தது.

அதற்கு முன் இன்னொன்று. 1944 ஓகஸ்டில் நேச நாட்டுப் படைகள் தெற்குப் பிரான்சில் தரையிறங்கின. பிரெஞ்சுத் தரப்பில் முன்னால் நின்றவர்களில் பெருந்தொகை ஆபிரிக்கர்கள், அரபுக்கள். தூலோனை மீட்டதில் திரயேர்களுக்குப் பெரிய பங்கு. ஆனால் மாரி தொடங்கியதும் படையை 'வெள்ளையாக்கும்' வேலை தொடங்கியது. ஏறத்தாழ 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் வரையான திரயேர்களைப் போர்முனையிலிருந்து எடுத்துவிட்டு, எதிர்ப்பியக்க வெள்ளை இளைஞர்களை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். காரணம் பழைய குளிர்தான். சில இடங்களில் கறுப்புச் சிப்பாய் தன்னுடைய மேலங்கியையும் இரும்புத் தொப்பியையும் துவக்கையும் அங்கேயே கழற்றிப் புதியவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

முகாம்களிலிருந்து விடுபட்ட போர்க்கைதிகளுக்கு நான்கு வருடச் சம்பளப் பாக்கி இருந்தது. கால்வாசியை பிரான்சில் தருவோம், மிச்சத்தை டக்காரில் தருவோம் என்றார்கள். மொர்லே துறைமுகத்தில் 300 பேரளவில் "காசைத் தராமல் கப்பல் ஏறமாட்டோம்" என்று நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் நம்பி ஏறினார்கள். நவம்பர் 21 அன்று டக்காருக்குப் போய் இறங்கி, பக்கத்திலிருந்த தியாரோய் முகாமில் காத்திருந்தார்கள். காசு வரவில்லை. 28 ஆம் திகதி ஒரு பகுதியினரைப் பமாக்கோவுக்கு ரயில் ஏறச் சொன்னபோது மறுத்தார்கள். பேச வந்த ஜெனரலின் காரை மறித்தார்கள். அவர் வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். டிசம்பர் 1 ஆம் திகதி காலை கவச வண்டிகள் வந்து முகாமைச் சூழ்ந்தன. சுட்டவர்களிலும் திரயேர்கள் இருந்தார்கள். கறுப்பனைக் கொண்டே கறுப்பனை.

செத்தவர்கள் 35 என்று ஓர் அரசாங்க அறிக்கை சொன்னது, 70 என்று இன்னொன்று. ஆய்வாளர்கள் சிலர் முந்நூறுக்கு மேல் என்கிறார்கள். உயிர் தப்பியவர்களில் 34 பேருக்கு 1945 மார்ச்சில் இராணுவ நீதிமன்றம் கலகக்காரர்கள் என்று சிறைத்தண்டனை கொடுத்தது. 1947 இல்தான் வெளியே விட்டார்கள். மன்னித்து விட்டார்களே தவிரக் குற்றமற்றவர்கள் என்று சொல்லவில்லை. செம்பேன் உஸ்மான் இதை 1988 இல் 'தியாரோய் முகாம்' என்று படமாக எடுத்தார். அவரும் பழைய திரயேர்தான்.

சூட்டுக்குச் சத்தம் உண்டு. அடுத்ததாகச் சொல்லப்போவதற்குச் சத்தமே கிடையாது. காலனிகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெறப்போகிற நேரத்தில், 1959 டிசம்பர் 26 ஆம் திகதி, 1960 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுச் சட்டத்தில் 71 ஆவது பிரிவு என்று ஒன்றைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இனி அந்த நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களின் பென்சன் அன்றைக்கிருந்த தொகையிலேயே நிற்கும், ஏறாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பளிங்காக்கல்'. அழகான சொல்! ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டில் கால் போன இருவரில் வெள்ளையனின் பென்சன் விலைவாசியோடு ஏற, கறுப்பனின் பென்சன் பளிங்குபோல அசையாமல் கிடந்தது. சுதந்திரம் கேட்டதற்கு அபராதம்.

743 செனகல் பழைய சிப்பாய்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 1989 ஏப்ரலில் அந்தக் குழு இது பாகுபாடுதான் என்று சொன்னது. பிரான்ஸ் அசையவில்லை. அமது தியோப் என்ற செனகல்காரர், 1937 இலிருந்து 1959 வரை பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பிரெஞ்சு நீதிமன்றத்துக்கே போனார். அவருக்குக் கிடைத்தது ஒரு பிரெஞ்சுக்காரனின் பென்சனில் மூன்றில் ஒரு பங்கு. 2001 நவம்பர் 30 அன்று அரச உயர் நிர்வாக நீதிமன்றம் தியோப் சொல்வது சரி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்கத் தியோப் உயிரோடு இல்லை. அரசாங்கம் உடனே சுதாரித்துக்கொண்டது. 2002 இல் புதிய சட்டம்: பென்சனை ஏற்றுகிறோம், ஆனால் நீ வாழும் நாட்டின் விலைவாசிக்கு ஏற்றபடி. டக்காரில் அரிசி மலிவு, ஆகவே உன் காலும் மலிவு!

நீதிமன்றங்கள் அசைக்க முடியாததை ஒரு சினிமாப் படம் அசைத்தது. 2006 இல் ரஷீத் புஷாரெப்பின் 'அந்திஜென்' வந்தது. இரண்டாம் யுத்தத்தில் பிரான்சை மீட்க வந்த வட ஆபிரிக்கச் சிப்பாய்களின் கதை. அதன் ஐந்து நடிகர்களுக்கும் சேர்த்து கானில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஜனாதிபதி சிராக் படத்தைப் பார்த்துக் கண்கலங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. படம் திரைக்கு வந்த அன்றே அறிவிப்பு வந்தது: 2007 இலிருந்து 80 ஆயிரம் பேரளவில் பழைய சிப்பாய்களுக்குச் சமமான தொகை. அப்போது நாங்களெல்லாம் கைதட்டினோம். ஆனால் சமமாக்கப்பட்டது போரிட்டவர்களுக்கான சிறு கொடுப்பனவும் ஊனமுற்றோர் பென்சனும்தான். வருடக் கணக்கில் படையில் இருந்து உழைத்ததற்கான பென்சன் அப்படியே கிடந்தது. 2010 மே 28 அன்று அரசியலமைப்புச் சபை பாகுபாட்டைத் தூக்கியெறிந்த பிறகு 2011 இலிருந்துதான் அதுவும் சமமாகியது. இடையில் போன 50 வருடப் பாக்கி? அதைப் பற்றிப் பேச்சில்லை. பெரும்பாலானவர்கள் செத்துப்போன பிறகு சமத்துவம் கொடுப்பதில் செலவு குறைவு.

2008, 2009 அளவில் நான் பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில் குடியிருந்தேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தொழிலாளர் விடுதி ஒன்று. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கைகழுவும் தொட்டி கொண்ட அறைகள். அங்கே வயதான ஆபிரிக்கர்கள் தனியே இருந்தார்கள். அதில் ஒருவர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். சலவைக்கடையில் பழக்கம். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் செனகலில். இந்த வயதில் ஏன் இங்கே தனியே கிடக்கிறீர்கள் என்று கேட்டபோது, சட்டைப்பையிலிருந்து சிறிய நாட்காட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். நாட்களைக் கோடு போட்டு வெட்டியிருந்தார். அவருடைய படைக் கொடுப்பனவு சாப்பாட்டுக்கே காணாது. அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகையும் சேர்ந்தால்தான் ஊருக்கு ஏதாவது அனுப்பலாம். அந்தத் தொகை வேண்டுமென்றால் வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பிரான்சில் இருந்தாக வேண்டும். ஒரு முறை மனைவிக்குச் சுகமில்லையென்று ஊரில் இருபது நாள் கூடுதலாக நின்றுவிட்டார். கடவுச்சீட்டு முத்திரையை வைத்துக் கண்டுபிடித்து, வாங்கிய காசைத் திருப்பிக் கட்டு என்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தை என்னிடம்தான் வாசிக்கத் தந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கு அந்தப் பிரெஞ்சு அரைகுறையாகத்தான் விளங்கியது. பிரான்சுக்காக இரண்டு யுத்தம் செய்தவரும் ஒரு யுத்தத்துக்குத் தப்பி ஓடி வந்தவனும் சலவை இயந்திரத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்தோம். மாதத்துக்கு இவ்வளவு என்று வெட்டிக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் நான் வீடு மாறிவிட்டேன்.

அந்த ஆறு மாத விதி அவர்களுக்காகத் தளர்த்தப்பட்டது 2023 ஜனவரியில். அதே மாதம் ஓமர் சி நடித்த 'திரயேர்' படம் திரைக்கு வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2006 இல் ஒரு படம், 2023 இல் ஒரு படம். அந்த ஏப்ரல் 28 அன்று ஒன்பது கிழவர்கள் பாரிசிலிருந்து டக்காருக்கு ஒரேயடியாக விமானம் ஏறினார்கள். வயது 85 இலிருந்து 96 வரை. அதற்கு முன் 2017 இல் ஒலாந்த் 28 பழைய திரயேர்களை எலிசே மாளிகைக்கு அழைத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைப் பத்திரம் கொடுத்திருந்தார். தியாஞ் வாக்குக் கொடுத்து 99 வருடங்களாகியிருந்தன.

எங்கள் ஆட்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரியை ஞாபகப்படுத்துகிறேன். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் 'சொல்தா' வீடுகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் படையில் இருந்த தமிழர்கள். 1962 இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்களுக்கு முழுப் பென்சனும் வந்தது. புதுச்சேரித் தமிழனும் செனகல்காரனும் ஒரே கொடியின் கீழ் இந்தோசீனாவில் நின்றவர்கள். ஒருவன் கையில் ஒரு கடுதாசி இருந்தது, மற்றவன் கையில் இல்லை. கடுதாசியின் பெறுமதி அகதிக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? இலண்டன் நண்பர்கள் கூர்க்காக்களின் பென்சன் பிரச்சினையை அறிவார்கள். 2021 இல் அவர்கள் பிரதமரின் வாசலுக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

நாங்கள் விட்டு வந்த நாட்டையும் பார்க்கலாம். 'ரணவிருவோ' என்று சிப்பாயைத் தெய்வமாக்கிய அரசு அது. 2016 நவம்பரில் கொழும்பில், ஊனமுற்ற சிப்பாய்கள் பென்சன் கேட்டு ஜனாதிபதி செயலகத்துப் பக்கம் போனபோது நீர்ப்பீரங்கியால் அடித்தார்கள். கால் இல்லாதவனைத் தண்ணீரால் விழுத்தப் பெரிய பலம் தேவையில்லை. அதே அரசுதான் 2009 க்குப் பிறகு எங்கள் பிள்ளைகளின் துயிலும் இல்லங்களை இடித்துத் தரைமட்டமாக்கியது. கோப்பாயில் அதன் மேலேயே படைமுகாம் கட்டியது. இதை நாங்கள் எல்லா மேடையிலும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஐரோப்பிய மண்டபங்களில் நவம்பர் 27 க்குச் செலவாகும் பூவின் காசையும், வன்னியில் முள்ளந்தண்டில் குண்டுத் துண்டோடு படுத்திருக்கும் முன்னாள் போராளிக்குப் போய்ச்சேரும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? செத்தவருக்கு விளக்கு, உயிரோடு வந்தவரைப் பற்றிச் சந்தேகம். 'எப்படித் தப்பினாய்?' என்று அவரிடம் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

தியாரோய்க்குத் திரும்புகிறேன். 2014 நவம்பர் 30 அன்று ஒலாந்த் அங்கே போய்த் தலைகுனிந்து, ஆவணங்களின் பிரதிகளைச் செனகலிடம் கொடுத்தார். 2024 இல் அங்கே கொல்லப்பட்ட ஆறு பேரை 'பிரான்சுக்காக மடிந்தவர்கள்' என்று பிரெஞ்சு அரசு அங்கீகரித்தது. பிரான்சின் குண்டால் மடிந்தவர்களுக்கு பிரான்சுக்காக மடிந்தவர்கள் என்று பட்டம்! எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களுக்கு என்ன மரியாதை என்பதைத் தீர்மானிப்பது இனி பிரான்ஸ் மட்டுமல்ல என்று செனகலின் அப்போதைய பிரதமர் சொங்கோ பதில் சொன்னார். அந்த வருடம் நவம்பர் 28 அன்று மக்ரோன் செனகல் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில்தான் அது 'படுகொலை' என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 80 ஆவது நினைவு நாளுக்கு மூன்று நாட்கள் இருந்தன.

அந்த ஆறு பேரில் ஒருவருடைய மகன் செனகலில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தகப்பன் போகும்போது கைக்குழந்தை, இப்போது எண்பது கடந்த கிழவர். இராணுவப் பதிவேட்டில் தகப்பனை முதலில் படையை விட்டு ஓடியவர் என்று எழுதியிருந்தார்கள். ஓடியவனின் மனைவிக்கு விதவைப் பென்சன் கிடையாது. அம்மா அப்படியே செத்துப்போனார். பெயரைத் திருத்தச் சொல்லி மகன் பல வருடங்களாகக் கடிதம் எழுதி, வழக்குப் போட்டுத் திருத்த வைத்தார். 2025 இல் தியாரோய் இடுகாட்டைத் தோண்டத் தொடங்கினார்கள். தகப்பன் எந்தக் குழியில் கிடக்கிறார், 1944 நவம்பரில் அவருக்குச் சேரவேண்டியிருந்த சம்பளத்தின் முக்கால்வாசி எங்கே என்ற இரண்டு கேள்விகளைத்தான் அந்த மகன் இவ்வளவு காலமும் கேட்டுவந்தார்.